‘வாங்க’ என்று சொல்ல எவ்வளவு காற்று வேண்டும்?

ஐம்பது அறுபது வருஷம் பேசிப் பழகினவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பதுதான் என் தொழில். ‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்பார்கள். என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு வாய் இருக்கும், நாக்கு இருக்கும், சொல்ல வேண்டிய விஷயம் வண்டி வண்டியாக இருக்கும். குரல்வளை மட்டும் இருக்காது. புற்று வந்ததால் டாக்டர் அதை எடுத்திருப்பார். அடுப்படியிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டும் வீட்டில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்காத அனுபவம் உங்களுக்கு உண்டென்றால் நீங்களும் நம் கட்சிதான், மேலே படியுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பேச்சுப் பயிற்சி படித்து முடித்த கையோடு, கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். நாங்கள் அன்பாகப் பேசினாலே அடுத்த ஊர்க்காரர்களுக்குச் சண்டை போடுகிற மாதிரி இருக்கும். எங்கள் பிரிவின் மூத்த நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர், முதல் வாரமே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “மேடம், நீங்க ‘உக்காருங்க’ன்னு சொன்னா பேஷண்டுங்க பயந்துக்கிட்டு எந்திரிச்சு நிக்கறாங்க.”

வால்வு கழற்றிய லைன்

ஆறுச்சாமி அன்னூர்ப் பக்கத்து விவசாயி. ஐம்பத்தெட்டு வயது, ஏழு ஏக்கர் வாழை, ஒரு கிணறு, ஒரு போர்வெல், நாற்பது வருஷத்துச் சிகரெட். ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்ததும் மனைவி ருக்குமணியம்மாவோடு என் அறைக்கு வந்தார். கழுத்தின் அடியில், சட்டையின் மேல் பொத்தானுக்குச் சற்று மேலே, எட்டணாக் காசளவுக்கு ஒரு துவாரம். கையில் ஒரு சிலேட்டு.

படம் போட்டு விளக்க ஆரம்பித்தேன். நமக்கெல்லாம் வாய்க்குப் பின்னால் இருக்கிற பாதை கழுத்துக்குள் இரண்டாகப் பிரிகிறது. முன்னால் மூச்சுக்குழாய், பின்னால் உணவுக்குழாய். மூச்சுக்குழாயின் தலையில் உட்கார்ந்திருக்கிற பெட்டிதான் குரல்வளை. குரலும் அதுதான், சோறு தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்கிற வாட்ச்மேனும் அதுதான். அதை எடுத்துவிட்டால் காவல் போய்விடும். அதனால் மூச்சுக்குழாயின் மேல்முனையை முன்பக்கம் திருப்பிக் கழுத்துத் தோலோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். இனிமேல் மூச்சு கழுத்து வழியாக, சாப்பாடு வாய் வழியாக; இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே செய்யாது. மூக்கால் மூச்சு விடாததால் வாசனையும் அவ்வளவாகத் தெரியாது.

அரைமணி நேரம் தொண்டை வறளப் பேசினேன். அவர் படத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு சிலேட்டில் எழுத ஆரம்பித்தார். இடம் போதவில்லை. திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதி என்னிடம் நீட்டினார்: “போர் லைனுக்கும் கெணத்து லைனுக்கும் நடுவால இருந்த வால்வைக் கழட்டிப்போட்டு ரெண்டையும் தனித்தனியா உட்டுட்டீங்க, அதானுங்களே அம்மணி?”

ஏப்பம்

நுரையீரல் காற்று வாய்க்கு வராது என்றால் குரலுக்கு வேண்டிய காற்றுக்கு எங்கே போவது? அங்கேதான் என் வித்தை இருக்கிறது. வாய்க்குள் இருக்கிற காற்றை நாக்கால் அழுத்தி உணவுக்குழாயின் வாசல்வரை தள்ள வேண்டும். தள்ளின கையோடு மேலே விட வேண்டும். அது வெளியே வரும்போது அங்கிருக்கிற சதை வளையம் அதிரும். அந்த அதிர்வுதான் புதுக் குரல். கட்டையாக இருக்கும், கரகரக்கும், ஏற்ற இறக்கம் குறைவு, கத்த முடியாது. ஆனால் பக்கத்தில் நிற்பவருக்குப் புரியும், அதுவும் சொந்தக் குரல். கௌரவத்தை விட்டுச் சொன்னால், ஏப்பத்தை நறுக்கி எழுத்தாக்குகிற வேலை.

ஏப்பம் எங்கிருந்து கிளம்புகிறது என்று பிடிபடுவதற்காக கோலி சோடா வாங்கி வைத்திருந்தேன். ஆறுச்சாமி குடித்தார். கண் கலங்கியது, முகம் சிவந்தது, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்து மறுபடி குடித்தார், மறுபடி வெளியே போனார். மூன்றாவது தடவை எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஸ்டெல்லா சிஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: “மேடம், அவரு வராந்தாவுல நின்னு நல்லாத்தான் ஏப்பம் விடறாரு. பொம்பளைப் புள்ள முன்னாடி விடறது மரியாதை இல்லீங்கன்னு சிலேட்டுல எழுதிக் காட்டறாரு.”

வண்டு

எங்கள் பெரிய டாக்டர் வெளிநாடு போனபோது ஒரு கருவி வாங்கி வந்திருந்தார். பார்க்க டார்ச் லைட் மாதிரி இருக்கும். கழுத்தில் அழுத்திப் பிடித்துப் பொத்தானை அமுக்கினால் ரீங்காரம் தோல் வழியாக உள்ளே போகும். வாயை அசைத்தால் அந்த ரீங்காரமே பேச்சாக வரும். ஏப்பமும் வேண்டாம், கூச்சமும் வேண்டாம். ஆறுச்சாமி ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். உற்சாகத்தில் என் மேஜை போனை எடுத்து, ஊரில் இருந்த ருக்குமணியம்மாவைக் கூப்பிட்டார். மூன்று மாதம் கழித்து மனைவியிடம் பேசப் போகிறார் என்று நானும் சிஸ்டரும் வேலையை விட்டுவிட்டு நின்றோம்.

அவர் பேசினார். எதிர்முனையில் ருக்குமணியம்மா பேசியது மேஜைக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. அந்தக் கருவியை அவர் அன்றோடு தொடவில்லை. அந்த அம்மாள் சொன்னது இவ்வளவுதான்: “ஏனுங்க, யாருங்க அது? போனுக்குள்ள வண்டு பூந்துக்கிச்சாட்ட இருக்குதுங்க, அப்பறமாக் கூப்புடுங்க.”

‘ங்க’வுக்குத் தடை

புதுக் குரலில் ஆரம்பத்தில் ஒரு மடக்குக் காற்றுக்கு நாலைந்து எழுத்துதான் வரும். எனவே சிக்கனம் வேண்டும். ‘தண்ணி வேணுமுங்க’ என்றால் எட்டு எழுத்து. ‘தண்ணி’ என்றால் மூன்றே மூன்று. மிச்சம் ஐந்தும் வெட்டிச் செலவு. கோயமுத்தூர்க்காரர்கள் வாயைத் திறந்தால் ‘ஆமாங்க’, ‘இல்லீங்க’, ‘அதுங்க’, ‘இதுங்க’. எனக்கோ ஒவ்வொரு ‘ங்க’வும் காதில் காற்றுப் போகிற சத்தமாகவே கேட்டது. ‘இங்கே ங்க கிடையாது’ என்று அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினேன். சின்ன வயசு, புதுப் படிப்பு, கேட்பானேன்.

ஆறுச்சாமி அட்டையைப் படித்துவிட்டு மனைவியைப் பார்த்தார். ருக்குமணியம்மாதான் விஷயத்தைச் சொன்னார். வருகிற தை மாதம் ஒரே மகளுக்குக் கல்யாணம். இவருக்குப் பெரிய பேச்செல்லாம் வேண்டாம். மண்டப வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருத்தரையும் ‘வாங்க’ என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்து போகிறார். இந்தப் பக்கத்தில், வந்தவரை வாய் திறந்து ‘வாங்க’ என்று சொல்லாவிட்டால் இலையில் என்ன வைத்தாலும் எடுபடாது. ஆறுச்சாமியின் தங்கை கணவரை ஒரு விசேஷத்தில் ‘வாங்க’ என்று சொல்ல விட்டுப்போய்விட்டதாம்; மனிதர் பதினோரு வருஷமாகப் படியேறவில்லையாம். “கையெடுத்துக் கும்பிட்டால் போதாதா?” என்று கேட்டேன். “கும்புடறது ஓட்டுக் கேக்க வர்றவங்க பண்றதுங்க” என்றார் அந்த அம்மாள்.

ஆறுச்சாமி சிலேட்டை வாங்கி, பல்பம் ஒடிகிற மாதிரி அழுத்தி எழுதினார்: “‘வா’ன்னு கூப்புட்டா எவனுங்க வருவான்?”

தறி குடோன்

மாசிலாமணி சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறவர். நான் வேலைக்கு வருவதற்கு முந்தின வருஷமே அவருக்கும் இதே ஆபரேஷன் ஆகியிருந்தது. செக்கப்புக்கு என் அறைக்கு வந்தபோது பார்த்தால், யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாகவே பேசப் பழகியிருந்தார். “அந்தத் தறிச் சத்தத்தில் உங்கள் குரல் எப்படிக் கேட்கும்?” என்று கேட்டேன். தறி ஓடுகிற குடோனுக்குள் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காதாம். எல்லாரும் எல்லார் வாயையும் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்களாம். பஞ்சுத் தூசி துவாரத்துக்குள் போகாமல் கழுத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டால் சரி. வீட்டில் எப்படி என்றேன். “ஆப்பரேசனுக்கு முன்னால எம் பொண்டாட்டி நாஞ் சொல்றதக் காதுல வாங்குனதே இல்லீங்க. இப்ப வாயவாவது பாக்கறாளுங்க” என்றார்.

இதில் நான் கவனித்தது வேறு. மனிதர் வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போடுகிறார், ஆனாலும் காற்றுத் தீரவில்லை. “அதை விட்டுவிட்டுப் பேசுங்கள்” என்று அட்டையைக் காட்டினேன். விட்டார். நாலாவது எழுத்தில் குரல் அறுந்துபோனது. மறுபடி ‘ங்க’ போட்டார், குரல் ஓடியது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ‘ங்’ மூக்கில் வருகிற எழுத்து. இந்தக் குரலில் சரியாக வராது. அதனால் அவர் ‘ங்க’ என்பது ‘க்க’ என்றுதான் வரும். அந்த ‘க்க’வுக்கு அடிநாக்கு மேலே போய் அழுத்துகிறதல்லவா, அந்த அழுத்தத்திலேயே அடுத்த மடக்குக் காற்று உள்ளே போய்விடுகிறது. க, ட, ப போன்ற எழுத்துகள் காற்றைத் தாங்களே தள்ளும் என்று நான் மனப்பாடம் பண்ணிப் பரீட்சை எழுதியவள்! இந்த ஊரில் ஒரு பேச்சுக்கு நாலு இடத்தில் அந்த ‘க’ இலவசமாகக் கிடக்கிறது. அதைத்தான் அட்டை போட்டுத் தடுத்திருக்கிறேன். வெட்கமாகிவிட்டது. அட்டையைக் கழற்றிக் கிழித்தேன். மாசிலாமணி என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னார்: “அந்தக் ‘க’வுலதானுங்க நான் காத்துப் புடிக்கறேன். அதையும் புடுங்கிட்டீங்கன்னா எதைப் புடிச்சுட்டுங்க நிக்கறது?”

சுவரைப் பார்த்து

மாசிலாமணியையே ஆறுச்சாமிக்குக் காட்டிக்கொடுத்துவிட்டால் வேலை சுலபம் என்று இரண்டு பேரையும் ஒரே நாளில் வரச் சொன்னேன். ஆறுச்சாமி உள்ளே வந்ததும் மாசிலாமணி பெஞ்சிலிருந்து சட்டென்று எழுந்து நின்றார். ஆறுச்சாமி முகம் இறுகிவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. “நீங்கள் வெளியே போய்விட்டு உள்ளே வாருங்கள். இவர் ‘வாங்க’ என்பார். நீங்கள் ‘வந்தேனுங்க’ என்று சொல்லுங்கள்” என்று நாடகம் போட ஆரம்பித்தேன். மாசிலாமணி வெளியே போய் உள்ளே வந்தார். ஆறுச்சாமி திரும்பி, சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்து வாயை அசைத்தார். கழுத்துத் துவாரத்திலிருந்து ‘புஸ்’ என்று மூச்சுதான் வந்தது.

ஸ்டெல்லா சிஸ்டர், மாசிலாமணியின் மனைவி முன்பு சொன்னதை என் காதோடு சொன்னார். மாசிலாமணியின் அப்பா ஆறுச்சாமி தோட்டத்தில் பண்ணையாளாக இருந்தவர். மாசிலாமணிக்குப் பத்து வயதானபோது அந்தக் குடும்பம் தறி வேலைக்காக ஊரைவிட்டே போய்விட்டது. அந்தத் தோட்டத்துக்காரர்கள் அவர்களை ‘வாங்க’ என்று சொன்னதாக யாருக்கும் ஞாபகம் இல்லை, ‘டேய்’தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “ஆளைப் பார்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எழுந்து போங்கள்” என்று சொல்ல வாயெடுத்தேன். மாசிலாமணி என்னைக் கையமர்த்தினார்: “உடுங்க மேடம். அவுரு செவுத்தப் பாத்தே சொல்லட்டுமுங்க. மொதல்ல காத்து வரோணுமுங்கல்ல?”

டார்ச் லைட்

ஆனால் சுவருக்கு நாக்கு கிடையாது. அடிநாக்கை எங்கே அழுத்துவது என்று தெரிந்துகொள்ள மாசிலாமணி வாயைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். புரட்டாசி, ஐப்பசி முழுக்க வியாழக்கிழமைகளில் இரண்டு பேரும் வந்தார்கள். முதலில் ஆறுச்சாமி ஓரக்கண்ணால் பார்த்தார். அப்புறம் நேராகப் பார்த்தார், வாயை மட்டும். ஒரு வியாழக்கிழமை நான் தாமதமாக வந்தேன். என் அறையிலிருந்து ‘வாக்க... வாக்க...’ என்று தவளை மாதிரி சத்தம், வந்துவிட்டது! நான் ஓட, வழியில் நின்ற ஸ்டெல்லா சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: “மெதுவாப் போங்க மேடம். ஏழு ஏக்கர் தோட்டக்காரரு தறிக்காரரு வாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்துட்டு இருக்காரு.”

பத்திரிகை

கார்த்திகைக் கடைசியில் கல்யாணப் பத்திரிகை வந்தது. எனக்கும் சிஸ்டருக்கும் ஆறுச்சாமி இரண்டு கையாலும் கொடுத்து ‘வாங்க’ என்றார். ‘வாக்க’தான், எங்கள் காதுக்கு ‘வாங்க’ என்றே கேட்டது. மாசிலாமணி அப்போது வராந்தாவில், பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தார். ஆறுச்சாமி இன்னொரு பத்திரிகையை எடுத்தார், கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார், பிறகு சிஸ்டரிடம் நீட்டி வராந்தாப் பக்கம் தலையாட்டிவிட்டு வேறு வழியாகப் போய்விட்டார். சிஸ்டர் கொண்டுபோய்க் கொடுத்தார். மாசிலாமணி மஞ்சள் தடவின மூலையைத் தொட்டுப் பார்த்தார், உள்ளே படித்தார், திருப்பியும் பார்த்தார். “பத்திரிகை வந்திருக்குதுங்க. ஆனா, வான்னு யாரும் சொல்லலீங்களே” என்றார்.

மண்டப வாசல்

தை மாதம், அன்னூர் மண்டபம். காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். ஆறுச்சாமி பட்டு வேட்டி கட்டி, கழுத்துத் துவாரத்தை மெல்லிய வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டு, ருக்குமணியம்மாவோடு வாசலில் நின்றார். பன்னீர் தெளிக்கிற பெண்களை ஐந்தடி தள்ளி நிறுத்தினேன். அவர் கழுத்தில் தெளித்தால் பன்னீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். மேளச் சத்தத்தில் அவர் குரல் எட்டடிக்கு மேல் போகவில்லை. ஆனாலும் வந்தவர்கள் வாயைப் பார்த்தார்கள். ‘வாங்க.’ நின்று காற்றுப் பிடித்து, ‘வாங்க.’ பதினோரு வருஷத்துத் தங்கை கணவரும் வந்தார். அவருக்கு இரண்டு தடவை. அந்த மனிதர் மச்சான் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். நான் சந்தனக் கிண்ணத்துக்குப் பின்னால் நின்று அழுதேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

எட்டரை மணி இருக்கும். மாசிலாமணி மனைவியோடு வந்தார். படியேறவில்லை, செருப்பு விடுகிற இடத்திலேயே நின்றார். ‘வாங்க’ கேட்காமல் மேலே வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். அப்படியே திரும்பிப் போய்விடுவாரோ என்று சந்தனக் கிண்ணத்தை விட்டு முன்னால் வந்தேன். ஆறுச்சாமி அவரைப் பார்த்துவிட்டார். சுற்றிலும் ஒறம்பரை ஜனம், சொந்தபந்தம் அத்தனை பேர். அவர்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு தாடை அசைந்தது. காற்றைத் தள்ளுகிறார் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. வந்தது. அன்றைக்கு வந்ததிலேயே தெளிவான ‘வாங்க’ அதுதான். பக்கத்தில் நின்ற தங்கை கணவர், “யாரைப் பாத்து என்ன சொல்றீங்க மச்சான்?” என்று பதறினார். ஆறுச்சாமி தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, காற்று இல்லை என்று கையை விரித்துவிட்டார். கீழே நின்ற மாசிலாமணி அதே கரகரத்த குரலில் சொன்னார்: “வந்தேனுங்க.”

பஸ் ஸ்டாண்டில்

சாப்பிட்டுவிட்டு நானும் மாசிலாமணியும் அவர் மனைவியும் அன்னூர் பஸ் ஸ்டாண்டில் கோயமுத்தூர் பஸ்ஸுக்கு நின்றோம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? ஜெயித்துவிட்டோம் என்கிற நினைப்பில், “பார்த்தீர்களா, அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது” என்றேன். அவர் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டார். சாப்பாடு நன்றாக இருந்தது என்றார். அப்புறம், பஸ் வருகிற திசையைப் பார்த்தபடியே, நின்று நின்று, இதைச் சொன்னார்: “பழக்கத்துல வந்துதுங்களா, மனசுல இருந்து வந்துதுங்களான்னு கேக்கோணும்னுதானுங்க கிட்டப் போனேன். கேட்டா, பதில் சொல்ல அவுருக்குக் காத்துப் பத்தாதுங்க. அதான் உட்டுப்போட்டேன்.”

குரல் தொண்டையில் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் படம் போட்டுக் காட்டுகிறேன். அந்த ஒரு ‘வாங்க’ எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள், அந்தப் பாடத்தில் நான் இன்னும் பாஸாகவில்லை.